இருந்தால், போனால்

பிப்ரவரி 4, ஞாயிறு

ஒரு மருந்துக் கம்பெனி எங்கள் ஆடிட்டருக்குக் கொடுத்து, ஆடிட்டர் என் தலையில் கட்டிய டைரி இது. ஜனவரி முழுவதும் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்றுமுதல் இதில் நான் எழுதுகிறேன், மேசை ஆடுகிறது.

காரணம் இரண்டு. முப்பது வருஷமாக நான் குப்பை கொட்டும் ஆடிட்டர் ஆபீஸ் மார்ச் முப்பத்தொன்றோடு மூடப்படுகிறது. ஆடிட்டருக்குக் கண்புரை. என் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வந்தது என்று கட்சிக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். இரண்டாவது, மகள் அபிராமி காலையில் மைசூரிலிருந்து பேசினாள். ஆறாவது மாதம். படுக்கையைவிட்டு எழக் கூடாது, பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். ஆகவே தலைப்பிரசவத்துக்குப் பெண் குளித்தலைக்கு வரமாட்டாள், குளித்தலைதான் பெண்ணிடம் போக வேண்டும்.

"பிரசவத்துக்கு மட்டும் இல்லப்பா. வீட்டை வித்துட்டு ஒரேயடியா வந்துடுங்க. இன்கம்டாக்ஸ் கணக்கை எங்க உக்காந்து வேணாலும் போடலாம்ல?"

போடலாம்தான். வருமான வரிக்கு மாநில எல்லை கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. இரண்டு மாநிலத்து வரியையும் விலைவாசியையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் குடிபெயர்ந்தால் நான் இத்தனை நாள் பார்த்த தொழிலுக்கே அவமானம் என்றேன். எவ்வளவு நாளாகும் என்றாள். முறையாகச் செய்தால் ஒரு மாதம். அபி பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி அரசி அதுகூட விடவில்லை. முழுப்பெயர் மங்கையர்க்கரசி. முழுப்பெயரால் அவளை நான் கூப்பிட்டால் வீட்டில் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று பொருள்.

டைரியின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் 'இருந்தால்'. வலப்பக்கம் 'போனால்'.

பிப்ரவரி 7

தொழில் வரி. இங்கே அரையாண்டுக்கு ஒரு முறை நகராட்சிக்குக் கட்டுகிறோம். அங்கே சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிறார்கள். ஆண்டுக்குக் கூட்டினால் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனாலும் மாதாமாதம் பிடிப்பது மனத்தைப் புண்படுத்தும். 'போனால்' பக்கத்தில் மனப்புண்ணுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக்கொண்டேன்.

ஸ்கூட்டர். இங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், அங்கே ஆயுள்வரி கட்ட வேண்டும், புது நம்பர் போட வேண்டும். என் ஸ்கூட்டரின் ஆயுளை அறிந்தவர்கள் அதற்கு ஆயுள்வரி கேட்கமாட்டார்கள்.

'இருந்தால்' முன்னணி.

பிப்ரவரி 11

மின்சாரம். இங்கே இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம். அங்கே மாதத்துக்கே இருநூறு வரை இலவசமாமே. மாப்பிள்ளை சொன்னார். அவர் நல்லவர்தான், ஆனால் கேட்காததையெல்லாம் சொல்கிறவர்.

பஸ். இங்கே பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் மட்டும் டிக்கெட் இல்லை. அங்கே சாதாரண அரசு பஸ்ஸில் மாநிலம் முழுக்க இல்லை. "அந்த ஊர் ஆதார் மட்டும் வந்துட்டா நான் ஊர் ஊரா சுத்துவேன்" என்றாள் அரசி. பதின்மூன்று வருஷமாக முசிறி தாண்டாதவள்.

தண்ணீர் இரண்டு ஊரிலும் காவிரி. அவர்களுக்குச் சுடச்சுடக் கிடைக்கிறது, நமக்கு ஆறிப்போய் வருகிறது. செலவு சமம் என்று போட்டேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

எதிர்வீட்டு வைரக்கண்ணு வந்தார். ஓய்வுபெற்ற கண்டக்டர். தெருவில் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று இன்னும் எண்ணிக்கொண்டிருப்பவர்.

"என்ன சார், மைசூர் போறீங்களாமே. ரெண்டு பேரும் ஒரே வண்டியிலயா?"

தெருவில் எங்களைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கணவனும் மனைவியும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஒன்றாக எங்கேயும் போவதில்லை என்று. கோயிலுக்கு அவள் போனால் நான் வீட்டில். கல்யாணத்துக்கு நான் போனால் அவள் வீட்டில். மொய் வைப்பது எப்போதும் ஒற்றை ஆள். இதில் எங்களுக்குச் சாப்பாட்டில்தான் நஷ்டம்.

அபி கல்யாணத்துக்கு மட்டும் இரண்டு பேரும் மணையில் நிற்க வேண்டியிருந்தது. மண்டபம் வேண்டாம், வீட்டு வாசலிலேயே பந்தல் என்று பிடிவாதம் பிடித்தேன். கூடத்து ஜன்னல் வழியாக நாற்பதடி ஒயர் இழுத்து, மணையிலிருந்து எட்டும் தூரத்தில் ஸ்டூல் போட்டு, டெலிபோனை வைத்து, மேலே துண்டு போர்த்தியிருந்தேன். முகூர்த்த நேரத்தில் அது மணியடித்தது. தாரை வார்க்கிற கையோடு எடுத்தேன். சமையல்காரரின் உதவியாள், பாயசத்துக்கு முந்திரி போதுமா என்று கேட்டார்.

வைரக்கண்ணுவிடம், ஆமாம், ஒரே வண்டிதான் என்று சொல்லி அனுப்பினேன். வாய் எதையோ சொல்லிவிடுகிறது.

பிப்ரவரி 22

குளித்துக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. அரசி மாடியில். சோப்போடு ஓடினேன். கடன் அட்டை வேண்டுமா என்று ஒரு பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்புகையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பில் கன்றிப்போயிருக்கிறது.

வைத்தியச் செலவு முப்பத்தைந்து ரூபாய். இதை 'இருந்தால்' பக்கத்தில் எழுதுவதுதான் நியாயம். எழுதவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

ஒரு மாதக் கெடு முடிந்தது. மதியம் அரசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைரியின் பின்பக்கத்தைத் தணிக்கை செய்தாள். வாடகை, பால், அரிசி, காஸ் எல்லாவற்றிலும் விரலை வைத்துக்கொண்டே போனாள். மைசூர் வாடகைக்கு நான் எழுதியிருந்த தொகையைப் பார்த்து, அரண்மனையையா பேசியிருக்கீங்க என்றாள். மனப்புண்ணுக்கு ஐம்பது ரூபாயை அடித்தாள்.

பிறகு கேட்டாள். "டெலிபோன் பில் எங்க?"

சின்னத் தொகைதானே என்றேன்.

"பதின்மூணு வருஷமா ஒரு மாசம் விடாம கட்டறோம். ரெண்டு பேர் கையிலயும் செல்போன் இருக்கு. இந்தத் தெருவுல இந்த மிஷின் வச்சிருக்கறது நாம மட்டும்தான். அதை ஏன் கணக்குல எழுதலை?"

நான் எழுந்துபோய் மேசைக்காலுக்கு வேறு முட்டுக் கிடைக்குமா என்று பார்த்தேன்.

மார்ச் 5

டைரி என்பது அடுத்தவன் படிப்பதற்காக எழுதப்படும் பொருள். ஆகவே அந்த அடுத்தவனுக்காக ஒரு பத்தி.

எங்களுக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் குகன். பாலிடெக்னிக்கில் மூன்று பேப்பர் போயிருந்ததை ஒரு வருஷம் மறைத்து வைத்திருந்தான். ஊரார் கணக்கிலெல்லாம் தப்புக் கண்டுபிடிக்கிறவன் வீட்டில் இப்படியா என்று ஆபீசில் ஒருத்தர் சிரித்தார். வீட்டுக்கு வந்து அவனை வெளியே போகச் சொன்னேன். என் சொல்லை அவன் தட்டாமல் கேட்டது அந்த ஒரே தடவைதான். பத்தொன்பது வயது. போலீசில் எழுதிக் கொடுத்தோம், பேப்பரில் போட்டோம், திருப்பூர், ஓசூர் என்று நான் அலைந்தேன். எங்கள் செல்போன் நம்பர் அதற்குப் பிறகு மூன்று முறை மாறிவிட்டது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வீட்டு நம்பர் ஒன்றுதான்.

ஊர் மாறினால் அந்த நம்பர் கூட வராது. விசாரித்துவிட்டேன். ஜனவரியிலேயே, ஆபீஸ் மூடப்போகிறது என்று தெரிந்த அன்றே.

மார்ச் 9

காஸ் சிலிண்டர் விலையில் இரண்டு ஊருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மழை இல்லை. அரசி பேசவும் இல்லை.

மார்ச் 17, ஞாயிறு

மைசூரில் அபிக்கு வளைகாப்பு. வீட்டோடு, படுத்தபடியே. அரசி நேற்றே வளையல், ஐந்து வகைச் சாதத்துக்கான சாமான், கண்ணாடிப் பெட்டியில் சந்தனம் எல்லாம் கட்டிக்கொண்டு தனியாக ரயிலேறினாள். எனக்கு ஆண்டுக் கடைசி வேலை. ஆடிட்டர் ஆபீசை மூடுகிறபோது என்ன ஆண்டுக் கடைசி வேலை என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதது உறுத்தியது.

சாயங்காலம் அபி செல்போனில் கூப்பிட்டாள். கை நிறைய வளையல், அசையும்போதெல்லாம் சத்தம். வளையல் நன்றாக இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றாள். சாதம் என்ன பண்ணினார்கள் என்றேன். கொஞ்ச நேரம் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. நான் தொலைஞ்சு போகலை. அதனாலதானே நீங்க என்னைத் தேடி வரமாட்டேங்கறீங்க?"

வரி ஒப்பீடு இன்னும் முடியவில்லை என்று சொன்னேன். ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் தன் மகளிடம் அப்படிச் சொன்னான் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மார்ச் 18

வீட்டில் நான் மட்டும். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அரசிக்குத் தெரியாது.

அவன் போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். ஒரு மத்தியானம் டெலிபோன் வந்தது. எடுத்தேன். யாரும் பேசவில்லை. பின்னால் லாரிச் சத்தம். பக்கத்தில் மூச்சு. மூக்கடைத்தவன் விடுகிற மூச்சு. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது உண்டு. எனக்குத் தெரிந்துவிட்டது. முதலில் அவன் பேசட்டும் என்று நின்றேன். அவன் பேசவில்லை. அரசி அடுப்படியிலிருந்து யாருங்க என்று கேட்டாள்.

ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மாதிரி அழைப்பு வரவே இல்லை. வந்தால் எடுக்க ஆள் இருக்க வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதற்கு எந்த மாநிலத்தில் எவ்வளவு வரி என்று எனக்குத் தெரியாது.

மார்ச் 21

அரசி திரும்பி வந்தாள். மைசூர்பாகும் ஒரு விக்ஸ் டப்பாவும் வாங்கி வந்திருந்தாள். விக்ஸ் இங்கேயே கிடைக்குமே என்றேன். அங்கே இரண்டு ரூபாய் குறைவாம், எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

எழுதப் பின்பக்கத்தைத் திருப்பினேன். 'இருந்தால்' வரிசையின் கடைசியில் பென்சிலில் 'டெலிபோன்' என்று எழுதி மாத வாடகையைப் போட்டிருந்தாள். 'போனால்' வரிசையின் கடைசியிலும் அதே டெலிபோன், அதே தொகை.

மைசூருக்கு நம்பர் வராது, தெரியாமல் இரண்டு பக்கமும் எழுதிவிட்டாய் என்று ரப்பரை எடுத்தேன்.

"அழிக்காதீங்க. தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன். வீட்டை விக்க வேண்டாம். வாடகைக்கு விடுவோம். நாம எங்க இருந்தாலும் இதைக் கட்டிட்டே இருப்போம். எடுத்துப் பேச நல்ல ஆளாப் பார்த்து வைங்க."

முப்பது வருஷமாக நான் பார்த்த கணக்குகளில் இரண்டு பக்கமும் ஒரே செலவு வந்தால் அதைக் கழித்துவிட்டு மேலே போவோம். அது ஒரு சாதாரண விதி. எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 31, ஞாயிறு

ஆபீஸ் மூடியது. ஆடிட்டர் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார். கண் தெரியாததால் முதலில் அலமாரிக்குப் போர்த்தினார் என்று எழுத ஆசை. ஆனால் சரியாகத்தான் போர்த்தினார். கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 4

தெருவிலேயே குறைந்த வாடகைக்கு விடுகிறேன் என்று தெரிந்ததும் ஆள் வந்தது. வந்தவர்களிடம் நான் கேட்ட கேள்விகளை வைரக்கண்ணு ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லையாம், பகலில் வீட்டில் யார் இருப்பீர்கள், காது நன்றாகக் கேட்குமா, கோபம் வருமா என்று கேட்டேனாம். வங்கியில் வேலை பார்க்கிற தம்பதி, இரண்டு பேரும் எட்டரைக்குக் கிளம்பிவிடுவார்கள், முன்பணம் உடனே தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். டெலிபோனை எடுக்க வேண்டும் என்றதும் உரக்கடைக்காரர், "அதை எதுக்கு சார், பிடுங்கிப் போட்டுட்டா இடமாவது மிச்சம்" என்றார். அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

வாடகை வருமானத்தை நான் ரிட்டனில் காட்ட வேண்டும். அதில் நூற்றுக்கு முப்பது கழிவு உண்டு. டெலிபோன் பில்லுக்குத் தனிக் கழிவு கிடையாது. பார்த்துவிட்டேன்.

ஏப்ரல் 8

மேரி ஸ்டெல்லா என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். பிளவுஸ் தைக்கிறார். கணவர் லாரி டிரைவர், மாதத்தில் இருபது நாள் வெளியூர். பகலெல்லாம் தையல் மிஷினிலேயே உட்கார்ந்திருப்பாராம். மார்க்கெட்டுக்குக்கூடப் போவதில்லை, முட்டிவலி என்றார்.

முட்டிவலி என்றதும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. கடவுள் மன்னிக்கட்டும்.

மிஷினை எங்கே போடுவீர்கள் என்று கேட்டேன். அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். டெலிபோன் ஸ்டூலைப் பார்த்தார், சுவரில் குகன் படத்தைப் பார்த்தார். படத்துக்கு மாலை இல்லை, பொட்டு இல்லை. ஏதும் கேட்கவில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் கையை நீட்டி, "இங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கு சார்" என்றார். ஜன்னல் அந்தப் பக்கம் இல்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருஷப் பிறப்பு. ஸ்டெல்லாவுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மைசூர் விலாசம், எங்கள் செல் நம்பர்கள். எடுத்ததும் 'தாயுமானவன் வீடு' என்று என் பெயரைச் சொல்ல வேண்டும். யாரும் பேசாவிட்டாலும் வைத்துவிடக் கூடாது. நாங்கள் மைசூரில் தங்கச்சியோடு நலம் என்று சொல்ல வேண்டும், வரச் சொல்ல வேண்டும், விலாசத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அவர் இரண்டு தரம் படித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல.

பிறகு அவரும் அரசியும் அடுப்படியில் அரைமணி நேரம் ரகசியமாகப் பேசினார்கள். என்னைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். குழம்பு அடிப்பிடித்தது.

ஏப்ரல் 21, ஞாயிறு

கிளம்பினோம். ஒரே வண்டியில். வைரக்கண்ணு வாசலில் நின்று இரண்டு என்று எண்ணினார்.

ஏப்ரல் 26

மைசூர். அபி வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு மாடிப் போர்ஷன். இங்கே தெருக்களுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். நாலாவது மெயின், ஏழாவது கிராஸ். கணக்கெழுதுகிறவனுக்காகவே கட்டிய ஊர்.

ஒப்பீடு பிசகிவிட்டது. வாடகை நான் எழுதியதில் முக்கால்வாசிதான். காய்கறி மலிவு. முன்பணம் மட்டும் கண்ணைக் கட்டியது. 'போனால்' என்று தலைப்பிட்ட பக்கத்தில் நாங்கள் இப்போது குடியிருக்கிறோம். 'இருந்தால்' பக்கத்தில் முட்டிவலியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அபியின் பாதம் வீங்கியிருக்கிறது. தினமும் சாயங்காலம் நான்தான் பிடித்துவிடுகிறேன். அப்பா எதற்கு என்று முதல் நாள் காலை இழுத்துக்கொண்டாள். இப்போது நான் வர நேரமானால் செல்போனில் கூப்பிடுகிறாள்.

மே 9

அதிகாலையில் வலி. ஆஸ்பத்திரி. எழுத நேரமில்லை.

மே 10, வெள்ளி

நேற்று பதினொன்றே காலுக்குப் பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. அபி நலம். குழந்தையை என் கையில் கொடுத்தபோது அதன் மூக்கு அடைத்திருந்தது. குர் குர்ரென்று மூச்சு. இது எல்லாக் குழந்தைக்கும் உண்டு என்றார் நர்ஸ். அரசி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

ஸ்டெல்லாவுக்குத் தகவல் சொல்லலாம் என்று கீழே வந்தேன். அதோடு ஒரு சின்ன சோதனையும். வீட்டுக்காரன் புத்தி. எத்தனையாவது மணியில் எடுக்கிறார், எடுத்ததும் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட வேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்த நம்பரை அழுத்தினேன். பதின்மூன்று வருஷத்தில் அந்த நம்பருக்கு நான் வெளியிலிருந்து பேசியதே இல்லை. மூன்றாவது மணியில் எடுத்தார். தையல் மிஷின் நிற்கிற சத்தம் கேட்டது.

"ஹலோ, தாயுமானவன் வீடு."

நான்தான் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். நாலு நாளாக ஜலதோஷம், மூக்கடைப்பு. மூச்சு மட்டும்தான் போனது.

"ஹலோ? யாரு?" கொஞ்சம் நிறுத்தினார். பின்னால் ஆஸ்பத்திரி வாசலில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் குரல் இறங்கியது.

"தம்பி, வச்சிடாதீங்க. நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன். அப்பாவும் அம்மாவும் நல்லா இருக்காங்க. மைசூர்ல தங்கச்சி கூட இருக்காங்க. உங்களை வரச் சொன்னாங்க."

இது நான் எழுதிக் கொடுத்தது. இதற்குப் பிறகு விலாசம். ஆனால் அவர் விலாசத்துக்குப் போகவில்லை.

"இது அம்மா தனியாச் சொல்லச் சொன்னது தம்பி. முன்னாடி ஒரு தடவை நீங்க பண்ணினப்ப அப்பா வச்சுட்டாராம். கோவத்துல வைக்கலையாம். என்ன பேசறதுன்னு தெரியாம பயந்துட்டாராம். அதுலேருந்து அந்த மனுஷன் இந்த மிஷினை விட்டு நகரவே இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க. அவருக்கு இதையெல்லாம் சொல்லத் தெரியாதாம். நீங்கதான் பெரிய மனசு பண்ணணுமாம்."

லாரி போய்விட்டது. எனக்கு வழிவிடச் சொல்லி யாரோ கன்னடத்தில் கேட்டார்கள். ஒதுங்கி நின்றேன்.

"இருக்கீங்களா தம்பி? மூச்சு கேக்குது. பேனா இருக்கா? விலாசம் சொல்றேன், எழுதிக்கங்க."

சட்டைப்பையில் பேனா இருந்தது. ஆஸ்பத்திரி ரசீதின் பின்பக்கத்தில், அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, என் விலாசத்தை எழுதிக்கொண்டேன். கதவு எண். ஏழாவது கிராஸ். நாலாவது மெயின். ஒரு தப்பில்லை.

எழுதியாச்சா என்று கேட்டுவிட்டு, பதிலுக்காக நெடுநேரம் காத்திருந்தார். பிறகு, எப்ப வேணாலும் பண்ணுங்க தம்பி, நான் இங்கயேதான் இருப்பேன் என்றார்.

முதலில் வைத்தது அவர்தான்.